இரண்டு பொதுப் பதவிகளை ஒரே நேரத்தில் வகிப்பவர் செய்ய வேண்டியவை

ஒருவர் நகர்மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். சில மாதங்களில், அந்த நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் தண்ணீர் தரும் குடிநீர் வாரியத்தில் உறுப்பினராகும்படி அழைப்பு வருகிறது. இரண்டும் மக்கள் பணி. இரண்டிலும் பெரிய வருமானம் இல்லை. உடனே ஒப்புக்கொள்ளத்தான் தோன்றும். அந்த இடத்தில் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டவருக்கும் பெரும்பகுதி பயன்படும்.

பொது வாழ்வில் நெறிமுறை என்றதும் பலருக்கு லஞ்சமும் உறவினருக்குக் கொடுத்த ஒப்பந்தமும்தான் நினைவுக்கு வருகின்றன. இரட்டைப் பதவியின் சிக்கல் வேறு வகையானது. இங்கே ஒரு கடமையும் இன்னொரு கடமையும் மோதுகின்றன. கட்டணத்தை உயர்த்தினால்தான் பழைய குழாய்களை மாற்ற முடியும் என்று வாரியம் சொல்கிறது. கட்டணம் உயரக் கூடாது என்று நகர்மன்றம் வாதாடுகிறது. இரண்டு இடங்களிலும் உறுதிமொழி எடுத்த ஒரே மனிதர் யாருக்காகப் பேசுவார்? அவர் ஒரு காசும் வாங்காதவராக இருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. ‘நான் தவறு ஏதும் செய்யவில்லையே’ என்ற நம்பிக்கையில் விதிகளைப் படிக்காமல் விடுவதால், நேர்மையானவர்களே இதில் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதல் படி: ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு பதவிகளையும் தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக இவற்றை எழுதுங்கள். எந்தச் சட்டம் அந்தப் பதவியை உருவாக்கியது? நியமிப்பது யார், நீக்குவது யார்? சம்பளம், மதிப்பூதியம், அமர்வுப்படி, வீடு, வாகனம் என ஏதாவது தரப்படுகிறதா? அந்தப் பதவியிலிருந்து நீங்கள் எதற்கெல்லாம் ஒப்புதல் தர முடியும்? அங்கே கணக்குகளைத் தணிக்கை செய்வது யார்?

அடுத்து, இரண்டும் பதவிகள்தாமா, அல்லது ஒன்று பதவியும் மற்றது வேலையுமா என்று பாருங்கள். சட்டத்தால் உருவாக்கப்பட்டு, அரசின் அதிகாரத்தில் ஒரு பங்கைத் தன் பொறுப்பில் செலுத்துவது பதவி. மேலதிகாரி சொன்னதைச் செய்யும் எழுத்தர் பார்ப்பது வேலை. பல நாடுகளில் ‘ஒத்துப்போகாத பதவிகள்’ பற்றிய விதி இரண்டு பதவிகளுக்கு இடையில்தான் பாயும். பதவிக்கும் வேலைக்கும் இடையிலான மோதலுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. ஆலோசனைக் குழு உறுப்பினர் என்பது எந்தப் பக்கம் சேரும் என்பதில் வழக்கறிஞர்களே வேறுபடுவார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாமல் பரிந்துரை மட்டுமே செய்யும் குழுக்கள் பெரும்பாலும் இந்த விதிக்குள் வருவதில்லை.

இந்தத் தாளோடு நெறிமுறை ஆணையத்திடமோ அமைப்பின் சட்ட அலுவலரிடமோ சென்று, எழுத்துமூலமான கருத்தைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் ‘ஒன்றும் ஆகாது, ஏற்றுக்கொள்ளுங்கள்’ நாளை உங்களைக் காப்பாற்றாது. கேட்கும்போது எல்லாத் தகவலையும் கொடுங்கள். பாதி உண்மைகளை வைத்துப் பெற்ற கருத்து, மீதிப் பாதி வெளிவந்ததும் பயனற்றதாகிவிடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சட்ட அலுவலர் அமைப்பின் வழக்கறிஞர், உங்களுடையவர் அல்லர். உங்கள் பதவியே பறிபோகும் வாய்ப்பு இருந்தால் சொந்தமாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சேர்த்து வகிக்கவே முடியுமா என்று பாருங்கள்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். இந்தக் கேள்விக்கு ‘முடியாது’ என்பது பதிலானால், பின்னால் வரும் படிகள் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

நேரடித் தடை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவு, கூட்டாட்சி அரசில் பதவி வகிக்கும் எவரும் அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது. பிரான்சில் நாடாளுமன்ற உறுப்பினரே மேயராகவும் இருப்பது நெடுங்கால வழக்கம். 2014-ல் நிறைவேறிய சட்டம் 2017-லிருந்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனாலும் அவர் சாதாரண நகர்மன்ற உறுப்பினராகத் தொடரலாம். ஐரோப்பிய ஒன்றியம், சில நாடுகளுக்குத் தற்காலிக விலக்கு அளித்து, 2004 தேர்தலிலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் நாட்டு நாடாளுமன்றத்திலும் சேர்ந்து அமர்வதைத் தடை செய்தது. பிரிட்டனிலோ 2015 முதல் 2016 வரை போரிஸ் ஜான்சன் லண்டன் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஓரிடத்தில் குற்றமாவது இன்னோர் இடத்தில் வழக்கமாக இருப்பதால், அண்டை நாட்டில் யாரோ செய்தார்களே என்பது உங்களுக்கு ஆதாரமாகாது.

கெடுவையும் பாருங்கள். இந்தியாவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானால், அந்த அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் சட்டமன்றப் பதவியை விட்டு விலகியிருக்க வேண்டும். தவறினால் காலியாவது நாடாளுமன்ற இடம். புதிதாக வென்ற இடமே கையை விட்டுப் போகும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

நேரடித் தடை எதுவும் இல்லையென்றால் பொதுக் கோட்பாட்டுக்கு வாருங்கள். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தை, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்ட மரபை, பின்பற்றும் இடங்களில் இது மிகப் பழையது. 1787-ல் ஹேஸ்டிங்ஸ் நகரப் பதவிகள் பற்றிய ஒரு வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒத்துப்போகாத இரண்டாவது பதவியை ஒருவர் ஏற்றால் முதல் பதவி தானாகவே காலியாகிவிடும், இரண்டாவது சிறிய பதவியாக இருந்தாலும் அப்படித்தான். ராஜினாமாக் கடிதம் தேவையில்லை, யாரும் நீக்க வேண்டியதில்லை, ஏற்றுக்கொண்ட செயலே போதும். கலிஃபோர்னியா மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே 1940-ல், ஒரு சிறு நகரத்தின் நீதிபதியாக இருந்தவர் அதே நகரத்தின் வழக்கறிஞர் பதவியையும் ஏற்றபோது, நீதிபதிப் பதவியை இழந்தார் என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒத்துப்போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் தாளை எடுத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பதவியில் இருப்பவர் மற்றப் பதவியின் கணக்கைத் தணிக்கை செய்யவோ, முடிவை ரத்து செய்யவோ, அங்குள்ளவரை நீக்கவோ முடியுமா? ஒன்றின் நிதி மற்றதன் கையெழுத்தில் இருக்கிறதா? இரண்டு அமைப்புகளின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா? விழுந்தால் நிலம், வரி, சேவைக் கட்டணம் ஆகியவற்றில் அவை எதிரெதிராக நிற்கும் வாய்ப்பு உண்டா? ஒன்றுக்காவது தெளிவாக ஆம் என்று வந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. மோதல் இதுவரை வந்ததே இல்லை என்பது பதிலாகாது. வரக்கூடுமா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நம் நகர்மன்ற உறுப்பினரின் தாளில் இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வாரியம் நீரேற்று நிலையம் கட்ட நகர்மன்றத்தின் நிலம் வேண்டும். வாரியத்தின் கட்டணத்தை நகர்மன்ற அலுவலகங்களும் செலுத்துகின்றன. சட்டம் இந்த இணைப்பை வெளிப்படையாக அனுமதிக்காத இடத்தில், நான் அவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சில இடங்களில், வாரியத்தில் நகர்மன்றத்தின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும். அங்கே நிலைமை வேறு. அப்போது அந்தச் சட்டப்பிரிவின் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பலமுறை தேவைப்படும்.

தப்பிக்க உதவும் என்று பலர் நம்புகிற மூன்று வழிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சம்பளம் வாங்காமல் இருந்துவிடலாம் என்பது ஒன்று. 2006-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஜெயா பச்சன் வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. மாநிலங்களவை உறுப்பினரான அவர் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுவின் தலைவராகவும் இருந்தார். சட்டம் விலக்களிக்காத ஆதாயப் பதவியை, அதாவது பணமோ வேறு பயனோ தரும் அரசுப் பதவியை, வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்பது அங்குள்ள விதி. அந்தப் பதவிக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் வேறு வசதிகளும் உண்டு. தான் எதையும் பெறவில்லை என்றார். அவர் உண்மையில் பெற்றாரா என்பது பொருட்டல்ல, ஆதாயம் தரக்கூடிய பதவியா என்பதே கேள்வி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருடைய தகுதியிழப்பு நிலைத்தது.

விடுப்பில் போய்விடலாம் என்பது இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் ஃபில் கிளியரி என்ற அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளமில்லா விடுப்பில் இருந்தபடி 1992-ல் ஓர் இடைத்தேர்தலில் போட்டியிட்டு வென்றார். முடிவு முறைப்படி அறிவிக்கப்படும் முன் ஆசிரியர் பணியை விட்டும் விலகினார். அப்படியும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவருடைய தேர்வு செல்லாது என்றது. ஆதாயப் பதவி பற்றிய விதி அங்கேயும் உண்டு; விடுப்பில் இருந்தாலும் அவர் அரசின் ஆதாயப் பதவியில்தான் இருந்தார். தேர்ந்தெடுக்கப்படும் செயல் வேட்புமனுவிலேயே தொடங்கிவிடுகிறது. அதே நாட்டில் 2018-ல், டெவன்போர்ட் மேயராக இருந்த ஸ்டீவன் மார்ட்டின் செனட்டுக்குத் தகுதியானவர் என்று அதே நீதிமன்றம் கூறியது. உள்ளாட்சி மேயர் பதவி அந்த விதி சொல்லும் ஆதாயப் பதவி அன்று என்பது அதன் முடிவு. விலகும் தேதியும் பதவி யாருக்குக் கீழ் வருகிறது என்பதும் எவ்வளவு தீர்மானகரமானவை என்று இந்த இரு வழக்குகளையும் அடுத்தடுத்துப் படித்தால் புரியும்.

மூன்றாவது, மோதல் வரும்போது வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது. இதைத்தான் அதிகம் பேர் நம்புகிறார்கள். கலிஃபோர்னியா போன்ற இடங்களில், பதவிகளே ஒத்துப்போகாதவை என்றால் ஒதுங்குவதால் அது சரியாகிவிடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், மக்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்த வார்டுக்கு நகர்மன்றத்தில் இருப்பது ஒரே குரல். தண்ணீர் பற்றிய விவாதம் வரும்போதெல்லாம் நீங்கள் எழுந்து வெளியே போனால், தண்ணீரைப் பற்றிப் பேச அந்த வார்டுக்கு யாருமே இல்லை. எப்போதாவது ஒருமுறை ஒதுங்குவது நேர்மை. வாரந்தோறும் ஒதுங்க வேண்டியிருந்தால், அந்த மக்களுக்குப் பிரதிநிதி இல்லை என்றுதான் பொருள்.

மூன்றாம் படி: இரண்டு அமைப்புகளுக்கும் எழுத்தில் அறிவியுங்கள்

சேர்த்து வகிக்கலாம் என்று எழுத்தில் கருத்து கிடைத்துவிட்டது என்று கொள்வோம். பதவியேற்ற முதல் வாரத்திலேயே இரண்டு அமைப்புகளின் செயலாளர்களுக்கும் கடிதம் அனுப்புங்கள். ‘நான் இந்தப் பதவியையும் வகிக்கிறேன், பதவியேற்ற நாள் இது, எனக்குத் தரப்படுவது இவ்வளவு, இந்தப் பொருள்களில் மோதல் வரலாம்’ என்று நான்கு வரி போதும். கடிதத்தைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். உறுப்பினர்கள் தங்கள் பிற பதவிகளையும் நலன்களையும் அறிவிக்கும் நலன் பதிவேடு இருந்தால் அதிலும் எழுதுங்கள். ஊழல் தடுப்புக்கான ஐ.நா. உடன்படிக்கையும், அரசு அலுவலர்கள் தங்கள் வெளி நடவடிக்கைகளையும் பணிகளையும் அறிவிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது.

எல்லோருக்கும் தெரிந்ததுதானே, எதற்கு எழுத வேண்டும் என்று நினைக்காதீர்கள். இன்று தெரிந்தவர்கள் நாளை மாறிப்போவார்கள்; பதிவேடு இருக்கும்.

நான்காம் படி: மோதல் வரும் இடங்களை முன்பே குறியுங்கள்

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2003-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நலன் முரணை, அதாவது பொதுக் கடமையோடு வேறொரு நலன் மோதுவதை, மூன்றாகப் பார்க்கின்றன: உண்மையில் இருப்பது, இருப்பதுபோல் தோன்றுவது, பின்னால் உருவாகக்கூடியது. இரண்டு அமைப்புகளின் அடுத்த ஓராண்டுத் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து, இந்த மூன்று தலைப்புகளில் பட்டியல் போடுங்கள். இரு அமைப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தம், நிலக் குத்தகை, மானியம், கட்டணம், வழக்கு, ஒரே ஒப்பந்ததாரர், ஒரே நியமனத்துக்கான போட்டி ஆகியவை பெரும்பாலும் இடம்பெறும்.

தோற்றத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். நகர்மன்றத்தில் நீங்கள் ஒரு சாலைத் திட்டத்துக்கு வாக்களித்த அடுத்த வாரமே அந்தச் சாலையில் வாரியம் குழாய் பதித்தால், இரண்டுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் கேள்வி வரும். கேட்பவர்கள் கேட்கும் உரிமை உள்ளவர்கள். முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் பதில் சுலபம்.

ஐந்தாம் படி: கூட்ட நாளில் நடந்துகொள்வது

நிகழ்ச்சி நிரல் வந்த அன்றே படியுங்கள். சந்தேகமான பொருள் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பேசுங்கள். கூட்டம் தொடங்கியதும், அந்தப் பொருள் வரும் முன்பே, எழுந்து சொல்லுங்கள். ‘எனக்கு ஒரு நலன் முரண் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘நான் குடிநீர் வாரியத்திலும் உறுப்பினர்; இந்தக் குத்தகையில் வாரியம் எதிர்த்தரப்பு; ஆகவே விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை’ என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

பிறகு அறையை விட்டு வெளியேறுங்கள். எல்லா விதிமுறைகளும் இதைக் கட்டாயமாக்குவதில்லை. ஆனாலும் வெளியேறுவதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும், உங்கள் முகத்தைப் பார்த்தபடி சக உறுப்பினர்கள் சுதந்திரமாகப் பேச மாட்டார்கள். வெளியேறிய நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒதுங்குவது வாக்கோடு முடிவதில்லை. அந்தப் பொருள் பற்றிய கோப்பை வரவழைத்துப் பார்ப்பது, அலுவலரிடம் ‘அது எந்த நிலையில் இருக்கிறது’ என்று கேட்பது, தேநீர் இடைவேளையில் சக உறுப்பினரிடம் கருத்துச் சொல்வது எல்லாமே பங்கேற்புதான். கடைசியாகச் சொன்னதில் தவறுபவர்கள் மிக அதிகம்.

நீங்கள் ஒதுங்கினால் கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாமல் போகலாம். வேறு எவராலும் எடுக்க முடியாத, எடுத்தே ஆக வேண்டிய முடிவுக்கு, முரண் உள்ளவரும் கலந்துகொள்ளலாம் என்று சில சட்டங்கள் இடம் தருகின்றன. இதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். சட்ட அலுவலர் எழுத்தில் சொல்லட்டும், அது குறிப்பிலும் ஏறட்டும்.

ஆறாம் படி: ஓரிடத்தில் கேட்டதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விடக் கடினமானது இது. வாரியத்தின் மூடிய கூட்டத்தில், நிலத்துக்கு அதிகபட்சமாக எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று முடிவாகிறது. மறுநாள் நகர்மன்றத்தில், அதே நிலத்துக்கு எவ்வளவு கேட்கலாம் என்று விவாதிக்கிறார்கள். நீங்கள் வாய் திறந்தால் வாரியத்தின் ரகசியத்தை உடைக்கிறீர்கள். திறக்காவிட்டால், தெரிந்த உண்மையை நகர்மன்றத்திடம் மறைக்கிறீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு கடமையை மீறியவராவீர்கள். தெரிந்துகொண்ட பிறகு இதற்குத் தீர்வு இல்லை, தெரிந்துகொள்ளாமல் இருப்பது ஒன்றே வழி. அதனால் இப்படிப்பட்ட பொருளில் ஏதாவது ஒரு பக்கம், அல்லது இரண்டு பக்கமும், ஆவணங்கள் உங்களுக்கு வராதபடி முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தவறுதலாக வந்தால் படிக்காமல் திருப்பி அனுப்பி, அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இரண்டு பதவிகளுக்கும் தனித்தனி மின்னஞ்சல் முகவரி, தனித்தனிக் கோப்புகள், முடிந்தால் தனித்தனி உதவியாளர். ஒரு பதவியின் ஊழியரிடம் மற்றதன் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். அமைப்புகளுக்கு இடையே தூது போகாதீர்கள். ‘நீங்கள்தான் அங்கேயும் இருக்கிறீர்களே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று இருபக்கமும் அன்போடு கேட்பார்கள். செயலாளர் செயலாளருக்குக் கடிதம் எழுதட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பொதுவில் பேசும்போது எந்தப் பதவியில் பேசுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். வாரியம் பற்றிய கருத்தை நகர்மன்ற லெட்டர்பேடில் எழுதக் கூடாது.

ஏழாம் படி: பணமும் நேரமும்

இது சிறியதுபோல் தெரிந்தாலும் புகார்கள் சுலபமாக எழும் இடம் இது. ஒரே பயணத்துக்கு இரண்டு இடங்களிலும் பயணப்படி கேட்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு கூட்டங்கள் என்றால், படி விதிகள் என்ன சொல்கின்றன என்று கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு சம்பளம் வாங்கலாமா என்பது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். முழுநேரப் பதவி ஒன்றில் இருந்தால், மற்றதன் வேலையை எந்த நேரத்தில் செய்கிறீர்கள் என்பதற்கு நாட்குறிப்பு வைத்திருங்கள். வருகைப் பதிவேட்டின்படி நீங்கள் ஒரே மணிக்கு இரண்டு இடங்களில் இருந்தால், விளக்கம் எதுவும் எடுபடாது.

எட்டாம் படி: ஒன்றை விட வேண்டிய நேரத்தை அறிவது

ஒவ்வொரு காலாண்டிலும் நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்து, எத்தனை பொருள்களில் ஒதுங்கினீர்கள் என்று பாருங்கள். முக்கியமான பொருள்களிலேயே அடிக்கடி ஒதுங்கியிருந்தால், ஏற்ற பணியை நீங்கள் செய்யவில்லை. இரண்டு அமைப்புகளும் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றால், பெரும்பாலும் அதுவே விலக வேண்டிய நாள். ஒரு பதவியின் அதிகாரம் சட்டத் திருத்தத்தால் மாறும்போதும் முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். நேற்று ஒத்துப்போனவை இன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

விலகும்போது ராஜினாமாவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் பாருங்கள். தலைவரிடம் கொடுக்க வேண்டியதைச் செயலாளரிடம் கொடுத்தால் சில இடங்களில் அது செல்லாது. எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, ஏற்புத் தேவையா என்பதையும் கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

பதவியை முன்பே இழந்துவிட்டீர்கள் என்று பின்னால் தெரியவந்தால், இடைப்பட்ட காலத்தில் நீங்கள் போட்ட கையெழுத்துகள் என்னவாகும் என்ற அச்சம் இயல்பானது. பொதுச் சட்ட மரபில், பதவியில் இருப்பவராக எல்லோரும் ஏற்று நடந்த ஒருவரின் செயல்கள், அவற்றை நம்பிய பொதுமக்களைப் பொறுத்தவரை பொதுவாகச் செல்லும். உங்கள் பதவியை அது மீட்டுத் தராது. ஆனால் நீங்கள் ஒப்புதல் தந்த குடிநீர் இணைப்புக்காக யாரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்காது.

விட்ட பதவியின் ஆவணங்களையும் அடையாள அட்டையையும் சாவிகளையும் பட்டியலிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நலன் பதிவேட்டில் விலகிய தேதியை எழுதுங்கள். அங்கே மூடிய கூட்டங்களில் கேட்டவற்றின் ரகசியம் அதன் பிறகும் உங்களைக் கட்டும். ஆகவே விலகுவதற்கு முன் அங்கே தொடங்கி, இன்னும் முடியாத பொருள் ஏதாவது நீங்கள் தொடரும் அமைப்பின் முன் வந்தால், விலகிய பிறகும் அதில் ஒதுங்கியே இருங்கள்.